ஈடாகாத இழப்பு: பண்டைய கிரேக்கக் காப்பியங்களில் வீரமும் சமூக விழுமியங்களும்

ட்ராய்ப் போர் பத்து ஆண்டுகள் நீடித்ததாகக் கிரேக்க மரபு சொல்கிறது. அந்தப் போரைப் பாடும் 'இலியட்' பத்தாவது ஆண்டின் சில வாரங்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. கதை தொடங்கும் இடமும் வியப்பானது. முதலில் வருவது கொள்ளைப் பொருளைப் பங்கிட்டதில் எழுந்த தகராறு. போர்க்களம் பிறகுதான் வருகிறது. தனக்குப் பங்காக வந்த பூசாரி மகளைத் திருப்பி அனுப்ப வேண்டிய கட்டாயம் படைத்தலைவன் அகமெம்னனுக்கு வருகிறது. இழந்ததற்கு ஈடாக, படையின் தலைசிறந்த வீரனான அக்கிலீஸுக்குக் கிடைத்திருந்த பிரிசேயிஸ் என்ற பெண்ணை அவன் பறித்துக்கொள்கிறான். அக்கிலீஸ் போரைவிட்டு ஒதுங்குகிறான். 15,000 அடிகளுக்கு மேல் நீளும் காப்பியம் இந்தப் பங்குத் தகராறிலிருந்துதான் விரிகிறது.

கிரேக்க வீர இலட்சியம் எது என்ற கேள்விக்கு மூன்று விடைகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. அஞ்சாமல் போரிட்டு அழியாப் புகழ் பெறுவதே அந்த இலட்சியம் என்பது முதலாவது. அது உண்மையில் நிலவிய ஒரு பிரபுக் குலத்தின் நடைமுறை ஒழுங்கு என்பது இரண்டாவது. அந்த ஒழுங்கையே காப்பியங்கள் கேள்விக்கு உட்படுத்துகின்றன என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை இருக்கிறது. மூன்றையும் இணைக்கும் சரடு 'ஈடு' என்ற ஒன்றுதான் என்பது இக்கட்டுரையின் கருத்து. 'இலியட்', 'ஒடிசி' காப்பியங்களைப் பாடியதாகச் சொல்லப்படும் ஹோமரின் வீரர் உலகில் உழைப்புக்கும் அவமானத்துக்கும் கொலைக்கும்கூட ஒரு விலை உண்டு. கொடுத்தால் கணக்குத் தீரும். அப்படிக் கொடுத்தும் கணக்குத் தீராத இடங்களையே இரண்டு காப்பியங்களும் தேடிச் சென்று கதையாக்குகின்றன.

பாட்டும் காலமும்

'இலியட்', 'ஒடிசி' இரண்டும் கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 7-ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் இன்றைய வடிவை நெருங்கின என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அவற்றின் மொழி அதைவிடப் பழையது. 1920-களில் அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி, ஹோமரில் திரும்பத் திரும்ப வரும் அடைமொழிகளையும் தொடர்களையும் ஆராய்ந்து, இவை பாடகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சொற்கிடங்கு என்று காட்டினார். பின்னர் 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் உயிருடன் இருந்த காப்பியப் பாடகர்களின் பாட்டைப் பதிவு செய்தார். 33 வயதில் அவர் இறந்த பிறகு, மாணவர் ஆல்பர்ட் லார்ட் அந்த ஆய்வை 1960-இல் நூலாக்கினார். விழுமியங்களைப் பற்றிப் பேசுவோர் இதை மறக்க முடியாது. ஹோமரில் வரும் வீர மதிப்புகள் ஒரு தனிக் கவிஞனின் கருத்துகளாகத் தோன்றியவை அல்ல. மேடையிலிருந்த பாணனும் எதிரே அமர்ந்து கேட்டவர்களும் சேர்ந்து காத்த பொதுச் சொத்து அவை.

அந்தச் சொத்து எந்தக் காலத்துச் சமூகத்துடையது? 1870-களில் ஹைன்ரிக் ஷ்லீமன் ட்ராய் இருந்த இடமாகக் கருதப்படும் ஹிஸார்லிக் மேட்டிலும் மைசீனியிலும் தோண்டியபோது, ஹோமர் பாடியது வெண்கலக் கால அரண்மனைகளையே என்ற நம்பிக்கை வலுத்தது. 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் 'லீனியர் பி' எழுத்தைப் படித்துக்காட்டியதும் அது ஆட்டம் கண்டது. அந்த எழுத்துள்ள களிமண் பலகைகள் காட்டியவை ஆட்டுக்கணக்கும் எண்ணெய்க்கணக்கும் எழுதும் அரண்மனை அலுவலகங்கள். ஹோமரின் தலைவர்களோ எழுத்தர் இல்லாமல், வரித்துறை இல்லாமல், சொந்த வீட்டையும் கால்நடையையும் நம்பி வாழ்பவர்கள். எம். ஐ. ஃபின்லி 1954-இல் எழுதிய 'ஒடிசியஸின் உலகம்' இந்தச் சமூகத்தை அரண்மனைகள் அழிந்த பின்வந்த கி.மு. 10, 9-ஆம் நூற்றாண்டுகளில் வைத்தது. பல காலங்களின் வழக்கங்கள் கலந்த கலவை இது, இப்படியொரு சமூகம் எங்கும் முழுதாக இருந்திருக்காது என்று 1974-இல் அந்தோணி ஸ்னாட்கிராஸ் மறுத்தார். கேட்பவர்கள் புரிந்துகொண்டிருந்தால்தான் பாட்டு நின்றிருக்கும், ஆகவே இது பாட்டு உருப்பெற்ற 8-ஆம் நூற்றாண்டின் கருத்துலகம் என்று 1986-இல் இயன் மோரிஸ் வாதிட்டார்.

பொருட்சான்று கலவையின் பக்கமே நிற்கிறது. பன்றித் தந்தங்கள் பதித்த தலைக்கவசம் ஒன்று இலியடில் வருகிறது. அது வெண்கலக் காலப் பொருள். அதே பாட்டில் இறந்த வீரர்களை எரிக்கிறார்கள். அது பிற்காலத்தில் பரவிய வழக்கம். யூபியாத் தீவின் லெஃப்காண்டியில் 1981-இல் கிடைத்த கி.மு. 10-ஆம் நூற்றாண்டுக் கல்லறையில் எரித்த வீரன் ஒருவனின் எலும்புகள் வெண்கலச் சாடியில் இருந்தன. அருகில் ஒரு பெண்ணும் நான்கு குதிரைகளும் புதைக்கப்பட்டிருந்தனர். ஹோமர் பாடும் இறுதிச் சடங்கின் சாயலில் உண்மையிலேயே சிலர் அடக்கம் செய்யப்பட்டார்கள் என்பது மட்டும் இதனால் உறுதி.

மதிப்பின் கணக்கு

ஹோமரின் வீரன் விரும்புவது 'டிமே' என்னும் மதிப்பு. அது கண்ணுக்குத் தெரிய வேண்டும்: விருந்தில் முதல் இருக்கை, இறைச்சியின் நல்ல துண்டு, நிரம்பிய கிண்ணம், கொள்ளையில் பொதுப் பங்குக்கு மேல் தனியாக ஒதுக்கிய சிறப்புப் பங்கு. இந்த ஏற்பாட்டை மிகத் தெளிவாகச் சொல்பவன் ட்ராய்ப் பக்கம் போரிடும் லிசிய அரசன் சார்ப்பிடான். இலியடின் பன்னிரண்டாம் பகுதியில் தோழன் கிளாக்கஸிடம் அவன் கேட்கிறான்: ஊரில் நமக்கு ஏன் நல்ல இடமும் நல்ல இறைச்சியும் நல்ல நிலமும் தருகிறார்கள்? முன்வரிசையில் நின்றால்தான் இவர்கள் தின்பதற்குத் தகுதியானவர்கள் என்று ஊரார் சொல்வார்கள். உடனே இன்னொன்றையும் சேர்க்கிறான். மூப்பும் சாவும் நமக்கு இல்லையென்றால் நானும் போரிட மாட்டேன், உன்னையும் அனுப்ப மாட்டேன்; சாவு எப்படியும் வரப்போகிறது என்பதால் போவோம்.

இந்தப் பேச்சில் இரண்டு அடுக்குகள் உள்ளன. முதல் பாதி ஊருக்கும் வீரனுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல். இரண்டாம் பாதி அந்தக் கணக்கைத் தாண்டுகிறது. நிலமும் இறைச்சியும் உயிருக்கு ஈடாகா. செத்த பிறகும் நிற்கும் புகழ் ஒன்றே ஈடாகலாம். ஊர் உயிரோடிருக்கும்போது மதிப்பைக் கொடுக்கிறது, பாட்டு செத்த பிறகு புகழைக் கொடுக்கிறது. ஹோமரின் புகழ் என்பது பெரும்பாலும் பாட்டாக நிலைக்கும் புகழ்தான் என்பதை 1979-இல் கிரெகரி நாகி விரிவாக எழுதினார்.

எல்லாவற்றையும் மாட்டுக்கணக்கில் அளப்பது இவ்வுலகின் வழக்கம். பகைப்படைகளில் எதிரெதிரே வந்த கிளாக்கஸும் டயோமீடஸும் தங்கள் பாட்டன்மார் விருந்துறவு கொண்டவர்கள் என்று அறிந்ததும் சண்டையை நிறுத்திக் கவசங்களை மாற்றிக்கொள்கிறார்கள். கிளாக்கஸ் கொடுத்த பொற்கவசம் நூறு மாடு பெறும், வாங்கிய வெண்கலக் கவசம் ஒன்பது மாடுதான் பெறும் என்று கவிஞர் குறுக்கே வந்து சொல்லிவிடுகிறார். நட்பின் உச்சத்திலும் விலைப்பட்டியல் நினைவில் இருக்கிறது.

முதல் பகுதிச் சண்டையை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். பங்கிட்ட பொருளைத் திரும்பச் சேர்ப்பது முறையல்ல என்கிறான் அக்கிலீஸ். ட்ராய் விழுந்தால் மூன்று, நான்கு மடங்காகத் தருவோம் என்கிறான். பங்கை ஒதுக்கியது படை. ஒரு தனிமனிதன் அதைப் பறித்தால், படை கொடுத்த மதிப்பே செல்லாக்காசாகிறது. பதவியால் உயர்ந்தவன் அகமெம்னன், திறத்தால் உயர்ந்தவன் அக்கிலீஸ். இருவரில் யாருக்கு முதல் மதிப்பு என்பதற்கு வீரர் ஒழுங்கில் முடிந்த விடை கிடையாது.

தூதும் மறுப்பும்

ஒன்பதாம் பகுதியில் அகமெம்னன் தவறை உணர்ந்து ஈடு கொடுக்க முன்வருகிறான். பிரிசேயிஸ் திரும்பி வருவாள். கூடவே பத்துத் தாலந்து பொன், பந்தயம் வென்ற பன்னிரண்டு குதிரைகள், லெஸ்போஸ் தீவின் ஏழு பெண்கள், பிறகு தன் மகள்களில் ஒருத்தி, சீதனமாக ஏழு ஊர்கள். பட்டியல் மலைக்க வைக்கிறது. கடைசியில் அக்கிலீஸ் தனக்குப் பணிய வேண்டும், தானே பெரிய அரசன் என்று அகமெம்னன் சேர்த்த வாக்கியத்தைத் தூதன் ஒடிசியஸ் கவனமாக விட்டுவிடுகிறான். ஆனாலும் பரிசுகளுக்குள்ளேயே அந்தப் பணிவு இருக்கிறது. இத்தனையும் பெற்றுக்கொண்டவன் கொடுத்தவனின் மருமகனாக, அவன் கைக்குக் கீழே வந்துவிடுவான். இந்தக் கொடையை இன்னொரு வகைத் தாக்குதலாகவே வால்டர் டான்லன் போன்றவர்கள் படித்தார்கள்.

அக்கிலீஸ் மறுக்கிறான். கோழைக்கும் வீரனுக்கும் ஒரே மதிப்பு, உழைத்தவனுக்கும் சும்மா இருந்தவனுக்கும் ஒரே சாவு என்றால் எதற்காகப் போரிட வேண்டும் என்று கேட்கிறான். மாட்டையும் முக்காலிகளையும் கொள்ளையிட்டுச் சேர்க்கலாம், பல்வரிசையைத் தாண்டிப் போன உயிரைச் சேர்க்க முடியாது என்கிறான். இருந்து போரிட்டால் புகழ், திரும்பினால் நீண்ட வாழ்வு என்று தாய் தீட்டிஸ் சொன்ன இரண்டு விதிகளையும் நினைவூட்டுகிறான்.

1956-இல் மில்மன் பாரியின் மகன் ஆடம் பாரி இந்தப் பேச்சைப் பற்றி ஒரு சிறிய கட்டுரை எழுதினார். ஹோமரின் மொழி பொதுச் சொற்கிடங்கு என்றால், அந்தக் கிடங்கின் மதிப்புகளை நம்பாமல் போன மனிதன் எந்தச் சொற்களால் பேசுவான்? அக்கிலீஸிடம் அதற்கான மொழி இல்லை, அதனால்தான் விடை சொல்ல முடியாத கேள்விகளாகவும் நிறைவேறாத கோரிக்கைகளாகவும் பேசுகிறான் என்றார் அவர். இந்தக் கருத்துக்கு மறுப்புகள் பல வந்தன. பழைய மொழியை வளைத்துத் தன் மனத்தைச் சொல்ல அக்கிலீஸால் முடிகிறது, வீர ஒழுங்கை அவன் கைவிடவில்லை, அகமெம்னன் அதை மீறியதைத்தான் தாக்குகிறான் என்பது மறுப்பின் சாரம். எனக்கு மறுப்பே பொருத்தமாகப் படுகிறது. தூதர்கள் வரும்போது அக்கிலீஸ் யாழை மீட்டி முன்னோர் புகழைப் பாடிக்கொண்டிருக்கிறான். புகழை வெறுத்தவன் செய்யும் காரியம் அதுவல்ல.

தூதர்களில் ஏஜாக்ஸ் பேசுவது மிகக் குறைவு. மிக ஆழமாகத் தைப்பதும் அதுதான். அண்ணனையோ மகனையோ கொன்றவனிடம்கூட ஈட்டுப்பொருள் வாங்கிக்கொண்டு மனத்தை அடக்குகிறார்கள். உனக்கோ ஒரு பெண்ணுக்காக இத்தனை கோபம் என்கிறான். நீ சொல்வது என் மனத்துக்கும் ஒக்கிறது, ஆனால் கோபம் பொங்குகிறது என்கிறான் அக்கிலீஸ். நாளையே ஊருக்குப் போகிறேன் என்று முதலில் சொன்னவன், எதிரி தன் கப்பல்களை நெருங்கும்வரை போரிட மாட்டேன் என்ற அளவுக்கு இறங்கி வருகிறான். பரிசுகள் அசைக்காத மனத்தைத் தோழமை அசைக்கிறது.

நாணம்

வீரனை முன்னே தள்ளுவது புகழ் என்றால், பின்வாங்காமல் பிடிப்பது 'அய்டோஸ்' என்னும் நாணம். இதைப் பற்றிய விவாதம் இருபதாம் நூற்றாண்டில் மிகச் சூடாக நடந்தது. 1951-இல் இ. ஆர். டாட்ஸ், ஹோமரின் சமூகத்தை நாணத்தால் இயங்கும் பண்பாடு என்றார். மனச்சாட்சியின் உறுத்தலுக்கு முன்னே ஊர்ப்பேச்சின் அச்சம் நிற்கும் சமூகம் என்பது பொருள். 1960-இல் ஆர்தர் ஆட்கின்ஸ் ஒரு படி மேலே போனார். வீட்டையும் ஆட்களையும் காப்பதில் வெற்றி பெற்றவனே அங்கே நல்லவன். போட்டியில் வெல்லும் குணங்களுக்கு முன்னால் நீதி, ஒத்துழைப்பு போன்ற குணங்களுக்கு எடை கிடையாது என்றார். 1970-இல் ஏ. ஏ. லாங், ஆட்கின்ஸ் சில சொற்களின் வழக்கை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுக் கதைச் சூழலை விட்டுவிட்டார் என்று காட்டினார். மட்டுமீறி நடக்கும் வலியவனை மற்றவர்கள் கண்டிப்பது ஹோமரில் அடிக்கடி நிகழ்கிறது. 1993-இல் டக்ளஸ் கேர்ன்ஸ் நாணத்தின் வகைகளை நுட்பமாகப் பிரித்தார். அதே ஆண்டில் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ், நாணம் என்பது பிறர் கண்ணுக்கு அஞ்சுவது மட்டுமல்ல, நாம் மதிக்கும் ஒருவரின் பார்வை நமக்குள்ளேயே குடியிருப்பது என்று விளக்கினார்.

இந்த வாதங்களுக்கு நல்ல சோதனைக்களம் ட்ராய் இளவரசன் ஹெக்டர். ஆறாம் பகுதியில், கோட்டைக்கு வெளியே போகாதே என்று மனைவி ஆண்ட்ரோமாக்கி கெஞ்சுகிறாள். ட்ராய் மக்கள் முன் நாணம், கோழையாக ஒதுங்க மனமும் ஒப்பவில்லை என்று அவன் விடை சொல்கிறான். ஊர்ப்பேச்சும் சொந்த மனமும் ஒரே மூச்சில் வருகின்றன. இருபத்திரண்டாம் பகுதியில் அக்கிலீஸ் நெருங்கும்போது அவன் மனத்துக்குள் ஓடுவது வேறு. முந்தின இரவு படையைக் கோட்டைக்குள் திருப்பச் சொன்ன பாலிடமஸின் யோசனையை அவன் தள்ளியிருந்தான். அதனால் பலர் செத்தார்கள். ஹெக்டர் தன் வலிமையை நம்பி மக்களை அழித்தான் என்று தன்னைவிடத் தாழ்ந்தவன் ஒருவன் சொல்வான் என்ற எண்ணத்தை அவனால் தாங்க முடியவில்லை. வெளியே நிற்கிறான், சாகிறான். அவன் செத்ததும் நகரம் காவலை இழக்கிறது. நகரத்தைக் காக்க வைத்த நாணமே நகரத்தைக் கைவிடவும் வைக்கிறது. 1975-இல் ஜேம்ஸ் ரெட்ஃபீல்டு இலியடை ஹெக்டரின் சோகமாகப் படித்ததற்குக் காரணம் இந்த முரண்தான்.

வாள் மட்டும் வீரனை ஆக்குவதில்லை என்பதும் இங்கே தெரிகிறது. பேச்சில் வல்லவனாகவும் செயலில் வல்லவனாகவும் அக்கிலீஸை வளர்த்ததாக முதியவர் ஃபீனிக்ஸ் சொல்கிறார். ஹோமரின் அவைகளில் உண்மையான ஆலோசனை நடப்பதில்லை என்ற ஃபின்லியின் கருத்துக்கு எதிராக, நல்ல யோசனை சொல்வதும் ஏற்பதும் வீரத்தின் பகுதியே என்று 1986-இல் மால்கம் ஸ்கோஃபீல்டு எழுதினார். ஹெக்டரின் வீழ்ச்சி அதற்குச் சான்று.

உடல்

போர்க்களத்தில் இளமையோடு சாவதை 'அழகிய சாவு' என்று ழான்-பியர் வெர்னான் விளக்கினார். வீரனின் இளமை அந்தக் கணத்தில் நிலைத்துப் பாட்டுக்குள் போய்விடுகிறது. இதன் மறுபக்கம் எதிரியின் பிணத்தைச் சிதைப்பது. அவன் புகழுக்கு உரியவனாகும் வாயிலையே அடைப்பது. தோழன் பாட்ரோக்ளஸ் ஹெக்டர் கையால் இறந்த பின் அக்கிலீஸ் செய்வது அதைத்தான். ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டி நாள்தோறும் இழுக்கிறான். ஹெக்டரைக் கொல்வதற்கு முன்பே அகமெம்னனின் பரிசுகள் வந்து சேர்கின்றன. அவன் அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. முன்பு ஈடு போதாது என்று மறுத்தவனுக்கு இப்போது ஈடு என்ற எண்ணமே பொருளிழந்துவிட்டது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வேய், பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்த 1940-ஐ ஒட்டி வெளிவந்த கட்டுரையில், இலியடின் உண்மையான நாயகன் வன்முறையே என்றார். அதைக் கையாள்பவனையும் அதற்கு ஆளாகிறவனையும் அது ஒன்றுபோலக் கல்லாக்குகிறது. நெஞ்சைத் தொடும் வாசிப்பு; ஆனால் ஒருபக்கச் சாய்வு உண்டு. போரில் திளைக்கும் மகிழ்ச்சியையும் ஹோமர் மறைப்பதில்லை.

வேயின் கருத்து மிக வலுவாக நிற்பதும், அதே நேரம் மீறப்படுவதும் இருபத்துநான்காம் பகுதியில். அக்கிலீஸ் இரக்கத்தையும் நாணத்தையும் இழந்துவிட்டான் என்று தேவர் அவையில் அப்போலோ குற்றம் சாட்டுகிறான். உடன்பிறந்தவனையும் மகனையும் இழந்தவர்கள்கூட அழுது முடித்து ஓய்கிறார்கள் என்கிறான். பிறகு முதிய அரசன் பிரையம் இரவில் பகைவன் கூடாரத்துக்குள் நுழைந்து, தன் மகன்களைக் கொன்ற கைகளை முத்தமிடுகிறார். தன் தந்தை பீலியஸை நினைத்து அக்கிலீஸ் அழுகிறான், ஹெக்டரை நினைத்து பிரையம் அழுகிறார். ஈட்டுப்பொருள் இங்கேயும் கைமாறுகிறது. வண்டி நிறையப் பொன்னும் துணியும் வந்திருக்கின்றன. ஆனால் முடிவைச் செய்தது பொன் இல்லை. இருவருக்கும் இழப்பு திரும்பி வராது என்ற அறிவு செய்தது. தன் கோபம் மீண்டும் வெடித்து முதியவரைக் கொன்றுவிடுமோ என்று அக்கிலீஸ் அஞ்சுவதையும் கவிஞர் மறைக்கவில்லை. ஹெக்டரின் ஈமச் சடங்குக்காகப் பதினொரு நாள் போர் நிறுத்தம். காப்பியம் ட்ராயின் அழிவைப் பாடாமல், எதிரியின் அடக்கத்தோடு முடிந்துவிடுகிறது.

வீடு திரும்பும் வீரன்

12,000 அடிகளைத் தாண்டும் 'ஒடிசி' வேறு வகை வீரனை முன்வைக்கிறது. ஒடிசியஸின் ஆயுதம் தந்திரம், பொறுமை, பொய். கலிப்ஸோ தந்த சாவாமையை மறுத்து, மூப்படையப்போகும் மனைவியிடம் திரும்ப விரும்புகிறான். கீழுலகில் அவன் சந்திக்கும் அக்கிலீஸின் ஆவி, செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட நிலமில்லாத ஏழையிடம் கூலிக்கு உழுவது மேல் என்கிறது. இலியடுக்கு ஒடிசி சொன்ன மறுப்பு இது என்று பலர் படிப்பதுண்டு. ஆனால் மகன் நியோப்டாலமஸின் வீரத்தைக் கேட்டதும் அதே ஆவி மகிழ்ச்சியோடு நடந்து போகிறது. புகழை விட முடியவில்லை. அது உயிருக்கு ஈடாகவில்லை என்பதும் தெரிந்துவிட்டது.

புகழாசையின் விலையை ஒடிசியஸும் கொடுக்கிறான். ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸிடமிருந்து 'யாருமில்லை' என்ற பொய்ப்பெயரால் தப்பியவன், கப்பல் விலகியதும் உண்மைப் பெயரைக் கத்திச் சொல்கிறான். அந்தப் பெயரை வைத்துத்தான் அரக்கன் தன் தந்தை பொஸைடனிடம் சாபம் கேட்கிறான். தோழர் ஒருவர்கூட வீடு திரும்பவில்லை.

ஒடிசியின் நடு விழுமியம் 'ஸெனியா' என்னும் விருந்தறம். வந்தவனுக்கு முதலில் உணவு, பிறகுதான் பெயரும் ஊரும், போகும்போது பரிசு, இதற்குக் காவல் ஸீயுஸ். அரசோ காவல்துறையோ இல்லாத உலகில் கடல் கடந்து போகிறவனுக்குப் பாதுகாப்பு இதுவே. பாலிஃபீமஸ் விருந்தினரைத் தின்கிறான். ஒடிசியஸின் மனைவி பெனலோபியை மணக்க வந்த 108 பேர் விருந்து கொடுக்க வேண்டிய வீட்டையே தின்கிறார்கள். பிச்சைக்கார வேடத்தில் வந்த ஒடிசியஸுக்கு உள்ளதைப் பகிர்ந்து விருந்தறத்தை நிறைவாகச் செய்பவன் பன்றி மேய்க்கும் அடிமை யூமேயஸ்.

பழிவாங்கும் நேரத்தில் இலியடின் கேள்வி திரும்புகிறது. மணக்க வந்தவர்களில் ஒருவனான யூரிமாக்கஸ், தின்றதற்கெல்லாம் ஈடாக ஆளுக்கு இருபது மாடு பெறுமானம் தருகிறோம் என்கிறான். உங்கள் தந்தைவழிச் சொத்து முழுவதும் கொடுத்தாலும் என் கை ஓயாது என்கிறான் ஒடிசியஸ். அக்கிலீஸ் மறுத்த அதே தோரணை. விளைவும் அதேபோலப் பெருகுகிறது. இறந்தவர்களின் உறவினர் ஆயுதத்தோடு வருகிறார்கள். பழிக்குப் பழி முடிவில்லாமல் போகாதபடி தேவி அத்தீனாவே இறங்கி வந்து நிறுத்த வேண்டியிருக்கிறது. மனிதர் கையில் அதை முடிக்கும் வழி இல்லை.

வழி ஒன்று உருவாகிக்கொண்டிருந்ததற்கான தடயம் இலியடிலேயே இருக்கிறது. பதினெட்டாம் பகுதியில் வரும் அக்கிலீஸின் கேடயத்தில் அமைதியான நகரமொன்று செதுக்கப்பட்டிருக்கிறது. கொலைக்கான ஈட்டுப்பொருள் பற்றி இருவர் வழக்காடுகிறார்கள். மூத்தோர் வழவழப்பான கற்களில் அமர்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள். நேரான தீர்ப்புக்குப் பரிசாக இரண்டு தாலந்து பொன் நடுவில் வைக்கப்பட்டிருக்கிறது. வீரனின் கோபத்துக்கு வெளியே ஊர் ஒன்று நீதி செய்யக் கற்றுக்கொள்ளும் காட்சி, அந்த வீரனின் கேடயத்திலேயே இருக்கிறது.

பரிசாக எண்ணப்பட்டவர்கள்

இந்த மதிப்புக் கணக்கில் பங்கு கேட்க முடியாமல், கணக்கில் வைக்கப்படும் பொருளாக மட்டுமே இருந்தவர்கள் உண்டு. பாட்ரோக்ளஸின் ஈம விளையாட்டில் மற்போரில் வென்றவனுக்குப் பன்னிரண்டு மாடு பெறும் முக்காலி. தோற்றவனுக்கு நான்கு மாடு பெறும், கைவேலை தெரிந்த ஒரு பெண். ஒடிசியஸின் செவிலி யூரிக்ளியா இருபது மாடு பெறுமானத்துக்கு வாங்கப்பட்டவள். பிரிசேயிஸை முன்வைத்துப் பெரும் சண்டை நடக்கிறது; அவள் பேசுவது ஒரே ஒருமுறை, பாட்ரோக்ளஸின் பிணத்தின் மேல். தன் கணவனையும் மூன்று சகோதரரையும் இழந்த கதையை அப்போதுதான் கேட்கிறோம். சுற்றியிருந்த அடிமைப் பெண்கள் பாட்ரோக்ளஸைச் சாக்காக வைத்துத் தத்தம் துயரத்துக்கு அழுதார்கள் என்கிறார் கவிஞர். ஒடிசியில் மணக்க வந்தவர்களோடு உறவு கொண்ட பன்னிரண்டு பணிப்பெண்களை ஒடிசியஸின் மகன் டெலமாக்கஸ் தூக்கிலிடுகிறான். அவர்களுக்கு ஈடு கேட்கவும் யாரும் இல்லை.

பெனலோபி விதிவிலக்கு. பகலில் நெய்ததை இரவில் பிரித்தும், கட்டிலைப் பற்றிய மறைமுகச் சோதனையால் கணவனையே சோதித்தும், தந்திரத்தில் ஒடிசியஸுக்கு நிகராக நிற்கிறாள். அவள் புகழ் அழியாது என்று அகமெம்னனின் ஆவி பாராட்டுகிறது. வீட்டைக் காத்ததற்காக ஒரு பெண்ணுக்குப் பாட்டின் புகழ் கிடைப்பது ஹோமரில் அரிய நிகழ்வு.

சாதாரணப் படைவீரனின் குரலாக வருபவன் தெர்சைட்டிஸ். அகமெம்னனின் பேராசையைப் பற்றி அவன் சொல்வது அக்கிலீஸ் சொன்னதிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. ஒடிசியஸ் செங்கோலால் அடிக்கிறான், படை சிரிக்கிறது. ஹோமர் பிரபுக்களின் பக்கம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவதுண்டு. ஆனால் அடக்கிவிட்ட அந்தப் பேச்சை முழுதாகப் பாடவும் செய்திருக்கிறாரே என்ற கேள்வி நிற்கிறது.

ஹோமருக்குப் பின்

பியோஷியாவின் அஸ்க்ரா என்ற சிற்றூரைச் சேர்ந்த ஹெசியட், ஹோமருடைய அதே யாப்பில் வேறு உலகைப் பாடினார். அவருடைய 'வேலைகளும் நாட்களும்' நிலப்பங்கு பற்றித் சகோதரன் பெர்சஸுடன் நடந்த தகராறை அடிப்படையாகக் கொண்டது. இங்கே அரசர்கள் கையூட்டு விழுங்குகிறவர்கள். சிறப்பு என்பது வியர்வை சிந்தி ஏற வேண்டிய செங்குத்துப் பாதை. ட்ராயிலும் தீப்ஸிலும் மடிந்த வீரர்கள் நான்காவது மனித இனம். நாம் வாழ்வது ஐந்தாவது இரும்பு இனத்தில் என்கிறார். வீரம் கடந்த காலத்துக்குப் போய்விட்டது, மிஞ்சியிருப்பது உழைப்பும் நீதியும்.

பின்னர் பிளாட்டோ 'குடியரசு' நூலில், சாவைக் கண்டு அஞ்ச வைக்கும், வீரர்களை அழ வைக்கும் ஹோமரின் பகுதிகளை இளைஞர் கல்வியிலிருந்து நீக்கச் சொன்னார். கீழுலக அக்கிலீஸின் பேச்சு அவற்றுள் முதலில் வருகிறது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் அப்போலோனியஸ் எழுதிய 'ஆர்கோனாட்டிகா'வில், தலைவனைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதும் குழு முழுவதும் ஹெராக்ளிஸைப் பார்க்கிறது. அவர் மறுத்து ஜேசனுக்கு வழிவிடுகிறார். சிறிது தூரத்தில் அந்தப் பழைய வீரரைத் தவறிப்போய்க் கரையில் விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஜேசனின் வெற்றிக்குக் காரணம் மெடியா என்ற பெண்ணின் மருந்து. நூலகத்தில் வளர்ந்த காப்பியம் பழைய வீரத்தை ஓரமாக இறக்கிவிட்டது என்றே சொல்லலாம்.

வீரயுக ஒப்பீடு

1912-இல் எச். எம். சாட்விக், கிரேக்க, ஜெர்மானியப் பாடல்களை ஒப்பிட்டு 'வீரயுகம்' என்ற கருத்தைப் பரப்பினார். அந்தக் கருத்தையும் பாரி–லார்ட் முறையையும் சங்க இலக்கியத்துக்குப் பொருத்தியவர் இலங்கை அறிஞர் க. கைலாசபதி. ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் பர்மிங்ஹாமில் செய்த ஆய்வு 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. பாணர், பரிசில், புகழ், நாணம் என்ற பொதுத்தளம் தெளிவாகவே இருக்கிறது. வேறுபாடும் அதே அளவு முக்கியம். புறப்பாடலின் புலவர் கண்முன் இருக்கும் தலைவனிடம் பேசுகிறார், பரிசில் கேட்கிறார், வேண்டுமானால் இடித்துரைக்கிறார். ஹோமரின் பாணன் எப்போதோ செத்தவர்களைப் பாடுகிறான். அங்கே விமர்சனம் கதையமைப்பு வழியாகவே வர முடியும். தன் குரலில் ஹோமர் தீர்ப்புச் சொல்வது மிகக் குறைவு. ஒப்பிலக்கியம் ஒற்றுமைகளோடு நின்றுவிட்டால் இந்த வேறுபாடு கைநழுவும்.

மதிப்பீடு

இந்த ஆய்வு வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒரு நகர்வு தெரிகிறது. ஃபின்லியும் ஆட்கின்ஸும் காப்பியங்களிலிருந்து ஒரு சமூகத்தின் சட்டத்தைப் பிரித்தெடுக்க முயன்றார்கள். பின்வந்தவர்கள் அந்தச் சட்டத்தைப் பாத்திரங்கள் எப்படி வாதாடுகிறார்கள், எங்கே அது உடைகிறது என்று பார்த்தார்கள். முதல் முயற்சி இல்லாமல் இரண்டாவது நடந்திருக்காது. பங்கும் பரிசும் மாட்டுவிலையும் அக்கால மனிதருக்கு எத்தனை கெட்டியான உண்மைகள் என்று தெரிந்தால்தான், அக்கிலீஸ் பத்துத் தாலந்து பொன்னை மறுப்பதன் கனம் தெரியும்.

காப்பியங்கள் வீரத்தைத் துதிக்கின்றனவா, சாடுகின்றனவா என்று ஒற்றைச் சொல்லில் கேட்பது ஆகவே பயன்படாத கேள்வி. சார்ப்பிடானின் வாதத்தை ஹோமர் ஏளனம் செய்யவில்லை. ஊர் தருவதைப் பெற்றவன் ஊருக்காக நிற்க வேண்டும் என்பது அவருக்கு உண்மை. ஆனால் கொடுக்கல் வாங்கலில் ஒரு பக்கம் ஏமாற்றினால் சமூகம் எத்தனை பேரின் உயிரால் அதற்கு விலை கொடுக்கும் என்பதையும் அவர் விடாமல் எண்ணிக்காட்டுகிறார். 1994-இல் ஜொனதன் ஷே என்ற மனநல மருத்துவர், வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களின் காயத்தை அக்கிலீஸின் கதை வழியாக எழுதினார். அவர்களை உடைத்தது எதிரியின் குண்டைவிட, சரியென்று நம்பியதைத் தங்கள் தலைவர்களே மீறியதுதான் என்றார். அகமெம்னன் செய்ததும் அதுவே.

புகழ் பெற்ற வீரர்களின் கதையாக நினைவில் நிற்கும் இந்தப் பாடல்கள், அந்த வீரர்களை ஆக்கிய ஏற்பாட்டின் கணக்கேடாகவும் இருக்கின்றன. வரவுப் பக்கத்தில் முக்காலிகள், குதிரைகள், ஊர்கள், பாட்டு. செலவுப் பக்கத்தில் பாட்ரோக்ளஸ், ஹெக்டர், பிரிசேயிஸின் குடும்பம், பன்னிரண்டு பணிப்பெண்கள். இரண்டு பக்கமும் நேராகாது என்பதை அறிந்து பாடியதால்தான், வீர ஒழுங்கை ஏற்காத காலத்தவரும் ஹோமரைப் படிக்கிறார்கள்.